“படுக்கை இல்லை” என்னும் பதிலுக்குப் பொறுப்பு யார்?



1992 ஜூலையில் மேற்கு வங்கத்தின் விவசாயத் தொழிலாளி ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் படுகாயமுற்றார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குரிய சிகிச்சை வசதி இல்லை. கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுசெல்லப்பட்டபோதும் படுக்கை இல்லை, வசதி இல்லை என்னும் பதிலே கிடைத்தது. இறுதியில் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவிட்டு உயிர் பிழைத்தார். அவர் சார்ந்த பச்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி உச்சநீதிமன்றத்தை நாடியது. அன்று அம்மாநிலத்தை ஆண்டது இடது முன்னணி. அதைச் சொல்லாமல் இவ்வழக்கைப் பேசுவது நேர்மையாகாது.

தனிமனித ஒழுக்கத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இங்கே குற்றவாளி அகப்படமாட்டார். படுக்கை இல்லை என்ற மருத்துவர் பொய் சொல்லவில்லை. அடுத்த மருத்துவமனைக்கு அனுப்பியவரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் உண்மையே பேசினர். ஒரு தொழிலாளியின் உயிரோ தெருவில் ஊசலாடியது. அவ்வாறெனில் அறம் தேட வேண்டிய இடம் மருத்துவரின் மனம் அன்று. படுக்கையை உண்டாக்காத ஏற்பாடு. 1996 மே மாதத் தீர்ப்பும் அங்கேதான் வந்து நின்றது. உரிய நேரத்தில் சிகிச்சை அளிக்கத் தவறுவது 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும், நிதி இல்லை என்பது அதற்குச் சாக்காகாது என்றது நீதிமன்றம். 25,000 ரூபாய் இழப்பீட்டோடு அது நிற்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் அவசர முதலுதவிக்கு வசதி வேண்டும், மாவட்ட, உட்கோட்ட மருத்துவமனைகள் தரம் உயர வேண்டும், எங்கே படுக்கை காலியாக உள்ளது என்பதை உடனே அறியத் தகவல் தொடர்பு வேண்டும் என்றும் பணித்தது.

இக்கருத்து புதிதன்று. பணம் செலுத்த இயலாமையால் எவருக்கும் போதிய மருத்துவம் மறுக்கப்படலாகாது என்பது 1946இல் போர் குழு வகுத்த நெறி. சோவியத் மருத்துவ அமைப்பைப் பற்றி நூல் எழுதிய ஹென்றி சிகரிஸ்ட், 1944இல் அக்குழுவின் அழைப்பை ஏற்று இந்தியா வந்தவர்.

இன்றைய ஒன்றிய அரசு கையில் தருவது அட்டை. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். மருத்துவமனையில் சேர்ந்தால்தான் அது செல்லும். நீரிழிவுக்கு மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்குச் செல்லாது. குடிமகன் இங்கே ‘பயனாளி’ ஆகிறான். உரிமை உடையவன் கேட்கிறான், பயனாளி காத்திருக்கிறான். அந்தத் தொழிலாளி தனியாரிடம் கட்டிய 17,000 ரூபாயை இனி அரசே கட்டும் என்பதுதான் அட்டையின் பொருள். அவருடைய ஊர்ச் சுகாதார நிலையத்தில் இல்லாத வசதி அதனால் வந்துவிடாது. 2025க்குள் பொதுச் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவோம் என 2017ஆம் ஆண்டுக் கொள்கை எழுதி வைத்தது இந்த வசதிகளுக்காகத்தான்.

காப்பீட்டு அட்டை வேண்டாம் என்று எந்தத் தொழிலாளியிடமும் சொல்ல இயலாது, சொல்லவும் கூடாது. ஆனால் அட்டை பெற்றுத் தருவதோடு கிளையின் வேலை முடிந்துவிட்டதாகக் கருதும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தன் பகுதிச் சுகாதார நிலையத்தில் இரவு பத்து மணிக்கு மருத்துவர் இருக்கிறாரா, மருந்து இருக்கிறதா, அவசர ஊர்தி வருகிறதா என்பதை ஒவ்வொரு கிளையும் நேரில் சென்று பார்த்து எழுதி வைக்கட்டும். அடுத்த மனு அந்தப் பட்டியலிலிருந்து எழுதப்பட வேண்டும்.