காற்றும் கம்பியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓசூர் மண்ணில் நின்று விமானத்தைப் பற்றிப் பேசுவது வியப்புக்குரிய செயலன்று. இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 1940-இல் தோன்றிய பெங்களூர் இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தளி செல்லும் சாலையில் பேளகொண்டப்பள்ளியில் ஓடுதளம் அமைந்து, அங்கே ஆறு பேர் அமரும் சிறு விமானம் 1990-களில் உருவாக்கப்பெற்றதை இவ்வட்டார மக்கள் அறிவர். எனினும் இவ்வுரையின் பொருள் அவற்றினும் சிறியது. ஒருவர் கையில் தூக்கிச் செல்லத்தக்கது. 'கண்ட்ரோல் லைன்' எனப்படும் கம்பிவழி மாதிரி விமானமும், காற்று மிகுந்த நாளில் அதனைக் கொண்டு வான்சாகசப் போட்டியில் இறங்குவோன் படும் பாடுமே இங்குப் பொருள். கவிஞர் அவையில் இதற்கென்ன வேலை என்று எண்ணத் தோன்றும். யாப்பு வேண்டும் என்பார்க்கும் வேண்டா என்பார்க்கும் இடையே நெடுங்காலமாக நிகழும் வழக்கில் இச்சிறு விமானம் ஒரு நல்ல சாட்சி என்பதே விடை.

பொறியும் கம்பியும்

இவ்விமானத்தின் அமைப்பு எளியது. பால்சா என்னும் இலேசான மரத்தால் உடலும் இறக்கையும் செய்யப்படுகின்றன. மூக்கில் சிறு எஞ்சின்; மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எரிபொருள் அதற்கு உணவு. இக்காலத்தில் மின்மோட்டாரும் பெருகிவிட்டது. விமானத்தின் இடப்பக்க இறக்கை நுனியிலிருந்து இரண்டு எஃகுக் கம்பிகள் புறப்பட்டு, களத்தின் நடுவில் நிற்பவனது கைப்பிடியில் வந்து முடிகின்றன. கம்பியின் பருமன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நீளம் ஏறத்தாழ இருபது மீட்டர். கைப்பிடியை மேல்நோக்கிச் சாய்த்தால் வால்தட்டு உயர்ந்து விமானம் ஏறும். கீழ்நோக்கிச் சாய்த்தால் இறங்கும். இடமும் வலமும் திரும்ப வழியில்லை. அரைக்கோளம் ஒன்றின் மேற்பரப்பே அதற்கு அளிக்கப்பட்ட வானம்.

இவ்வமைப்பைக் கேட்டவுடன் தமிழ் கற்றார்க்குச் சீவக சிந்தாமணியின் மயிற்பொறி நினைவுக்கு வரும். பொறியை வலப்புறம் திருக மேலெழும்; இடப்புறம் திருகத் தரையிறங்கும். சச்சந்தன் தன் தேவி விசயைக்கு அதனை இயக்கப் பயிற்றுவித்தான் என்கிறார் திருத்தக்க தேவர். நிறைசூலுடன் அப்பொறியேறிய விசயை, முரசொலியால் கணவன் முடிவை உணர்ந்து மயங்க, பொறி சுடுகாட்டில் இறங்கியது. அங்கே சீவகன் பிறந்தான். வான்பொறியை இயக்கிய ஒரு பெண்ணைத் தமிழ்க் காப்பியம் காட்டியிருப்பது பெருமைக்குரியது. கை உணர்வு இழந்தபோதே பொறி வானத்தை இழந்தது என்பதும் இங்கு எண்ணத்தக்கது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் புறநானூற்றில் குறிக்கும் ஊர்தியோ பாகன் செலுத்தாமல் தானே வானத்தில் செல்வது. அது புகழ்பெற்று மாண்டார்க்கு உரியது. மண்ணில் வாழ்வார் ஏறும் ஊர்திக்கு வலவன் வேண்டும். வலவனுக்குக் கை வேண்டும்.

நம் காலத்துக் கம்பி விமானம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பிறந்தது. 1930-களில் ஓபா செயிண்ட் கிளேர் என்பவர் கம்பி கட்டிப் பறக்கவிட்டார். 1940-இல் ஜிம் வாக்கர் 'ஃபயர்பால்' என்னும் விமானத்தை விற்பனைக்குக் கொணர்ந்து இம்முறையை உலகறியச் செய்தார். இந்தியாவில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு மாணவர்களுக்கு இது பழகிய கலை. அவர்களது அகில இந்திய வாயு சைனிக் முகாமின் மாதிரி விமானப் போட்டிகளில் கம்பிவழிப் பறத்தலும் இடம்பெற்று வருகிறது.

வானில் ஒரு சித்திரகவி

உலக அளவிலான சாகசப் போட்டியின் விதிகள் கடுமையானவை. ஏழு நிமிடத்துக்குள் புறப்பாடு, உருவங்கள், தரையிறக்கம் அனைத்தும் நிறைவேற வேண்டும். வட்டம், சதுரம், முக்கோணம், கிடைநிலை எட்டு, செங்குத்து எட்டு, மணற்கடிகை, தலைக்கு மேலே எட்டு, நான்கிதழ் மலர் என உருவங்கள் வரிசைப்படி வரையப்பெற வேண்டும். தலைகீழாகவும் சுற்றிவர வேண்டும். அப்போது கையின் இலக்கணம் முற்றும் மாறிவிடும், ஏற்றும் அசைவு இறக்கும் அசைவாகும். உருவங்களின் அடிப்பகுதி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அமைய வேண்டும். ஒவ்வோர் உருவத்துக்கும் நடுவர்கள் மதிப்பெண் இடுவர்.

எட்டிதழ்த் தாமரையும் தேரும் பாம்புப் பிணையலும் எழுத்தால் வரைந்த நம் சித்திரகவிப் புலவர்களுக்கு இது அந்நியமானதன்று. புலவன் பிழைத்தால் ஓலையைக் கிழித்துவிட்டு மறுபடியும் எழுதலாம். விமானி பிழைத்தால் பல மாத உழைப்பு ஒரு நொடியில் சிதறும். அவ்விமானம் ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ ஐந்தே கால் நொடி. அதாவது நொடிக்கு இருபத்து நான்கு மீட்டர். நொடியின் பத்தில் ஒரு கூறு கண் அயர்ந்தால் அது இரண்டரை மீட்டர் தூரம் போய்விடும். தரையோ ஒன்றரை மீட்டரில் இருக்கிறது.

காற்று வைக்கும் தேர்வு

பண்டைத் தமிழர் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அறிந்தனர். வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை. ஓசூரோ கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே அமைந்த திறந்த மேட்டு நிலம். ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று இங்கே தடையின்றி வீசும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அம்மியே பறக்குமெனில் இரண்டு கிலோவுக்கும் குறைந்த பால்சா மரம் எம்மாத்திரம்?

அத்தகையதொரு நாளில் இம்மேட்டுநிலத்துத் திடல் ஒன்றில் போட்டி நிகழ்வதாகக் கருதுவோம். மின்கம்பிகள் இல்லாத திடலாக அது இருக்க வேண்டும் என்பது முதல் விதி. எஃகுக் கம்பி உயர் அழுத்த மின்தடத்தைத் தொட்டால் மாள்வது விமானமன்று, மனிதன். தொழிற்பேட்டை சூழ்ந்த ஊரில் இதனை மறக்கலாகாது. ஆலைப் பணி முடிந்த இரவுகளில் விமானத்தைக் கட்டிய இளைஞன் ஒருவன் நடுவில் நிற்கிறான். அவனுக்கு முன் பறந்தவனின் விமானம் நொறுங்கிக் கிடக்கிறது. பறக்காமல் விலகிவிடலாம், அப்போது சுழி மதிப்பெண் மட்டுமே கிட்டும், விமானம் பிழைக்கும். பறந்தால் இரண்டும் போகலாம். விலகுவதும் இழிவன்று. அவன் பறக்கத் துணிகிறான்.

காற்று எங்கும் ஒரே வகையாகப் பகைப்பதில்லை. விமானம் காற்று செல்லும் திசையில், அதாவது விமானியின் முதுகில் காற்று படும் நிலையில் பறக்கும்போது, காற்று அதனை வெளியே தள்ளுகிறது, கம்பி விறைக்கிறது. எதிர்ப்பக்கத்தில் வரும்போது காற்று அதனை விமானியை நோக்கித் தள்ளுகிறது, கம்பி நெகிழ்கிறது. ஆதலால் பெரும்பாலான உருவங்களைக் காற்றுக்கு முதுகு காட்டி நின்று வரைவதே முறை. நடுவர்களும் காற்று வரும் பக்கம் அமர்ந்து, காற்று திரும்பினால் தாமும் இடம் மாறுவர். காற்றைக் கண்ணால் காண இயலாது. விமானி அதனைப் பிடரியாலும் உள்ளங்கையாலும் அறிகிறான்.

விறைப்பிலும் இடர் உண்டு. அடுத்தடுத்து மூன்று வட்டங்கள் வரைகையில் காற்று ஒவ்வொரு வட்டத்திலும் விமானத்துக்கு விரைவைக் கூட்டிக்கொண்டே போகும். மூன்றாம் வட்டத்தில் கம்பி கையைப் பறிப்பதுபோல் இழுக்கும். தலைக்கு மேலே வரையும் எட்டிலோ நேர்மாறான இடர். சுழற்சியால் விமானம் தன் எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விசையுடன் கம்பியை இழுக்கிறது. உச்சியில் அதன் எடை விமானியை நோக்கி விழுவதால் அவ்விசையில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அந்நேரம் பார்த்துக் காற்று உள்நோக்கி அடித்தால் கம்பி தொய்ந்துவிடும்.

கம்பி தொய்ந்த அக்கணத்தில் விமானம் முழு விடுதலை பெறுகிறது. கையின் ஆணை அதனை எட்டுவதில்லை. அந்த விடுதலையின் வாழ்நாள் ஒரு நொடி. அதன் முடிவு தரை. தேர்ந்த விமானி அப்போது கைப்பிடியை வீணே அசைப்பதில்லை. பின்னோக்கி விரைந்து நடக்கிறான், சில வேளை ஓடுகிறான். தன் நிலையைத் தான் மாற்றிக்கொண்டு இழந்த விறைப்பை மீட்கிறான். அதன் பின்னரே ஆணை இடுகிறான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஓர் உருவத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றிக் காற்று தணியக் காத்திருக்கலாம். ஆனால் ஏழு நிமிடமும் கலத்தில் உள்ள எரிபொருளும் அளவுபட்டவை. காத்திருப்பும் செலவுக் கணக்கில் சேரும். எப்போது பொறுப்பது, எப்போது துணிவது என்பதை எந்த விதிநூலும் சொல்வதில்லை.

யாப்பும் தளையும்

தமிழ்ச் செய்யுளியலின் கலைச்சொற்களை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். யாப்பு என்றால் கட்டுதல். தளை என்றால் விலங்கு. தொடை என்றால் தொடுக்கப்பெற்றது. கட்டுவதைக் குறிக்கும் சொற்களையே நம் முன்னோர் கவிதைக்குரிய சொற்களாகத் தேர்ந்தனர். வெண்பா தன் தளையன்றிப் பிற தளை ஏற்பதில்லை. ஈற்றடி முச்சீராக நின்று நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாட்டுள் ஒன்றில் முடிய வேண்டும். தரையிறங்கும் இடமும் வகுக்கப்பட்ட பா அது.

காற்று வீசும் நாளின் போட்டிக்கு நம் மரபில் ஒப்பு ஆசுகவியே. பிறர் கொடுத்த சொல், பிறர் கொடுத்த ஈற்றடி, பிறர் குறித்த நேரம். இவற்றுக்கிடையே பாட வேண்டும். திருமலைராயன் அவையில் காளமேகப் புலவர் யமகண்டம் பாடினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. கீழே நெருப்பும் கொதிக்கும் எண்ணெயும் இருக்க, உறியில் தொங்கியவாறு கேட்டார் கேட்டபடி பாடியதாகக் கூறுவர். செய்தி மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம். ஆயினும் பாடல் பிழைத்தால் உயிர் பிழைக்காது என்னும் நிலையைப் பாவலர்க்குக் கற்பித்துப் பார்த்த சமுதாயம், கவிதையைப் பொழுதுபோக்காகக் கருதவில்லை என்பது தெளிவு.

இவ்வளவும் மரபுக்கவிதைக்கு ஆதரவான வாதம் என்று புதுக்கவிஞர்கள் கருதிவிட வேண்டா. 1959-இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கியபோதும், 1971-இல் கோவையிலிருந்து 'வானம்பாடி' பறந்தபோதும், கட்டு அறுந்தது என்றே பலர் கூறினர். உண்மையில் மாறியது கம்பியின் வகை. ந. பிச்சமூர்த்தி முதலானோர் சீர்க்கணக்கை விட்டபோது சொற்செட்டு என்னும் கம்பியைப் பற்றிக்கொண்டனர். பேச்சின் மூச்சுக்கும் வரியின் முறிவுக்கும் இடையே விறைப்பை அமைத்தனர். அவ்விறைப்பு உள்ள புதுக்கவிதை பறந்தது. அஃதில்லாமல் உரைநடையை மடித்து வைத்தவை விழுந்தன. மரபின் பக்கமும் இதே கதைதான். தளை தட்டாத வெண்பாக்கள் ஆயிரம் உண்டு. அவற்றுள் பல காற்றில்லாக் கூடத்தில் கட்டித் தொங்கவிட்ட விமானங்கள். கம்பி இருக்கிறது, இழுப்பு இல்லை. ஆகவே கட்டு உண்டா இல்லையா என்பதைக் காட்டிலும், கட்டு விறைப்பாக இருக்கிறதா தொய்ந்து கிடக்கிறதா என்று கேட்பதே பொருத்தமான திறனாய்வு எனலாம்.

உவமைக்கும் எல்லை உண்டு. விமானிக்கு ஒன்றரை மீட்டர் என்று அளந்து சொல்ல நடுவர் இருக்கின்றனர். கவிஞனுக்கு அவ்வளவுகோலை எவரும் தர இயலாது. கவியரங்கின் கைதட்டலை அளவுகோலாகக் கொள்வோர் காற்றடிக்கும் திசையிலேயே எப்போதும் பறக்க நேரும். வட்டத்தில் பறப்பவனுக்கு எதிர்ப்பக்கமும் வந்தே தீரும்.

இவ்வட்டம் கடந்து வந்த பத்து ஆண்டுகளும் காற்றில்லாத ஆண்டுகள் அல்ல. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் இது. முதல் முறைப் பணிக்கு விடியலில் புறப்பட்டு, இரவு முறை முடித்து விடியலில் திரும்பும் மக்கள் நிறைந்த ஊர். அவர்கள் ஒரு கவிதையைத் திருத்த உறக்கத்தில் ஒரு மணி நேரத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. காற்று தணிந்தபின் எழுதலாம் என்று காத்திருந்தால் எரிபொருள் தீர்ந்துவிடும். காற்றைப் பழிப்பதாலும் பயனில்லை; காற்றே இல்லையெனில் கை பயின்றதா என்பதை அறியவும் வழியில்லை. செய்யத்தக்கது ஒன்றே. கம்பி தொய்வதை உள்ளங்கை உணர்ந்த அப்பொழுதே, சொல்லைக் குறை கூறாமல் இரண்டடி பின்னே வந்து நிற்க வேண்டும்.