மூச்சு வாங்குவதை வயசு என்று விட்டுவிடாதீர்கள்

(கருங்குழியில் நமது அறக்கட்டளை நடத்திய குடும்பங்களின் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

நம் மஹல்லாவில் ஒரு பெரியம்மா. பீடி, சிகரெட் தொட்டதில்லை; நாற்பது வருடம் விறகடுப்பில் சமைத்தவர். ஸுஜூதிலிருந்து எழும்போது மூச்சு வாங்குகிறது என்று நாற்காலியில் தொழ ஆரம்பித்தார். வீட்டார் "வயசாகிவிட்டது" என்றார்கள். மாதாமாதம் இருமல் மருந்துக்குப் பணம் கொடுத்த நாமும் அப்படித்தான் நினைத்தோம். நுரையீரலைச் சோதிக்கலாமே என்று நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது நம் தவறு. தாமதமாகச் சோதித்தபோதுதான், மூச்சுக்குழாய்கள் சுருங்கிப்போகும் 'சி.ஓ.பி.டி.' என்ற நாள்பட்ட நோய் எனத் தெரிந்தது.

இதற்கான முக்கியச் சோதனைக்கு ஊசி கிடையாது. ஊதினால் போதும். பெயர் ஸ்பைரோமெட்ரி. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரு குழாயில் பலங்கொண்ட மட்டும் ஊத வேண்டும். நல்ல நுரையீரல், ஊதும் காற்றில் 70 சதவீதத்துக்கு மேல் முதல் நொடியிலேயே பொதுவாக வெளியேற்றிவிடும். குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் 70-க்குக் கீழே நின்றால், மருத்துவர் இந்த நோயைச் சந்தேகிப்பார். அண்மையில் மாரடைப்போ கண் அறுவை சிகிச்சையோ நடந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூச்சில் கலந்திருக்கும் வாயுக்களைக் கொண்டே நோயைக் கண்டறியும் ஆராய்ச்சியும் நடக்கிறது. 1971-லேயே லைனஸ் பாலிங் என்ற விஞ்ஞானி மூச்சில் சுமார் 250 பொருள்கள் இருப்பதைக் காட்டினார். அது பரவலாக வரும்போது வரட்டும். இன்று கையில் இருக்கும் சோதனையை நாம் ஏன் தள்ளிப்போட வேண்டும்?

தாம்பரம் சானடோரியம் தூரமில்லை. 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம், இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரிக்கலாம்.

கெட்டுப்போன நுரையீரல் பழையபடி ஆகாது. ஆனால் புகையை நிறுத்தி, இன்ஹேலரை முறையாக எடுத்தால் மூச்சுத் திணறல் குறையும். இன்ஹேலர் 'பழகிவிடும்' என்று பயந்து பாதியில் விடாதீர்கள்.

வீட்டில் யாருக்காவது நடந்தால் இரைக்கிறதா? இருமல் மாதக்கணக்கில் விடவில்லையா? நம்மிடம் சொல்லுங்கள். வழிச்செலவும் துணைக்கு ஆளும் அறக்கட்டளையின் பொறுப்பு. பெண்களுடன் பெண்களே வருவார்கள், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக! ஆமீன்.