அலுவலகக் கம்ப்யூட்டரில் சிவப்புக் குறி

(மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் அறக்கட்டளை நிர்வாகத்தின் சார்பில் பேசியது)





இன்றைய பேச்சு கம்ப்யூட்டரைப் பற்றியது. "அது பிள்ளைகள் பாடு, நமக்கென்ன" என்று பின்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் எழுந்துவிட வேண்டாம். இதில் உங்களில் பலருடைய பெயரும் இருக்கிறது.

நம் அலுவலகக் கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது? ஜக்காத் உதவி பெறும் குடும்பங்களின் பட்டியல், விதவைத் தாய்மார்களின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண்கள், மருத்துவ உதவி கேட்டு வந்தவர்களின் ரிப்போர்ட்டுகள், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்த பிள்ளைகளின் சான்றிதழ்கள். கொடுப்பவர் பெயர் வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை, வாங்குபவர் பெயர் தெரியக் கூடாது என்றுதான் அந்தப் பட்டியலை நாங்கள் எங்கும் ஒட்டுவதில்லை. அது எங்களிடம் நீங்கள் ஒப்படைத்த அமானிதம். அதைக் காப்பதில் நாங்கள் நான்கு மாதம் கவனக்குறைவாக இருந்துவிட்டோம். அதை உங்கள் முன் சொல்லிவிடுவதுதான் முறை.

திரையின் வலது மூலையில் ஆன்டிவைரஸின் சின்னம் இருக்கும். அதில் ஒரு சிவப்புக் குறி வந்தது. "அப்டேட் நிறைவேறவில்லை" என்று ஒரு வரி. அலுவலகத்தில் இருந்த சகோதரர் அதை மூடிவிட்டு வேலையைப் பார்த்தார். மறுநாளும் வந்தது, மறுநாளும் மூடினார். ஒரு மாதம் கழித்து எங்களிடம் சொன்னார். "சந்தா முடிந்திருக்கும்" என்று நாங்களாகவே முடிவு செய்து புதிய கீ வாங்கினோம். கீ ஏறியது. அப்டேட் ஏறவில்லை. அந்தச் செலவை நிர்வாகிகள் கைப்பணத்தில் ஏற்றுக்கொண்டோம், அறக்கட்டளைக் கணக்கில் எழுதவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது நாங்கள் அல்ல. உதவித்தொகை விண்ணப்பத்துக்குத் தாயாருடன் வந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் சகோதரர் தேதியை மாற்றுவதைப் பார்த்துவிட்டு, "மாமா, ஏன் தேதி மாத்துறீங்க?" என்று கேட்டிருக்கிறாள். "தினமும் 2015னு வந்து நிக்குதும்மா, மாத்தாட்டி ஒரு சைட்டும் திறக்காது" என்றிருக்கிறார். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல அதைத் தினசரி வேலையாகவே செய்து வந்திருக்கிறார்!

கம்ப்யூட்டரின் உள்ளே வட்டமாக ஒரு நாணய பேட்டரி இருக்கிறது. சிஆர் 2032 என்பார்கள், 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்தில் தேதியையும் நேரத்தையும் காப்பது அதுதான். இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நம் அலுவலக வழக்கம். பேட்டரி செத்துவிட்டதால், காலையில் கம்ப்யூட்டர் பழைய ஆண்டில் கண் விழித்தது.

தேதிக்கும் ஆன்டிவைரஸுக்கும் என்ன சம்பந்தம்? துபாய்க்கும் சவூதிக்கும் போய் வந்தவர்களுக்கு விசாவை வைத்துச் சொன்னால் புரியும். விசாவில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று இருக்கும். அப்டேட் வரும்போதும் அதனுடன் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வருகிறது, அதிலும் தேதி இருக்கிறது. கம்ப்யூட்டர் இது 2015 என்று நம்பிக்கொண்டிருந்தால், இப்போது வழங்கப்பட்ட சான்றிதழை "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று திருப்பி அனுப்பிவிடும். எங்கள் கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் காலையில் திரை வந்த உடனேயே அப்டேட்டுக்கு முயன்று தோற்றுவிடும். சகோதரர் தேதியைச் சரிசெய்வது அதற்குப் பிறகு. மறுநாள் அதே கதை. சின்ன பேட்டரி ஒன்றை மாற்றியதும் எல்லாம் சரியானது.

ஆனால் அந்த நான்கு மாதத்துக்குள் வேறொன்று நடந்துவிட்டது. பட்டியலைப் பிரின்ட் எடுக்க வெளியே போய் வந்த பென் டிரைவில் ஒரு வைரஸ் ஏறி வந்தது. ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறின. ஃபைல்கள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருந்தன, மீட்டுவிட்டோம். ஆன்டிவைரஸ் என்பது காவல் நிலையத்தில் இருக்கும் திருடர் படங்களைப் போன்றது. நான்கு மாதம் பழைய படங்களை வைத்துக்கொண்டு வாசலில் நின்றால் புதிதாக வந்தவன் சலாம் சொல்லிவிட்டே உள்ளே போவான்.

அந்த வைரஸ் நம் விவரங்களை வெளியே அனுப்பியதா என்று உறுதியாகச் சொல்ல எங்களுக்கு வழியில்லை. அதனால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு குடும்பத்தையும் வீட்டுக்கே போய்ப் பார்த்துச் சொன்னோம். ஒரு தாயார், "என் பேரு வெளிய வந்துருச்சா தம்பி?" என்று மட்டும் கேட்டார். பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. உங்கள் பெயரையும் கணக்கு எண்ணையும் சரியாகச் சொல்லி யாராவது போனில் பேசினாலும் ஓடிபி சொல்லாதீர்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டோம். இனிமேல் முழு ஆதார் நகல் வாங்குவதில்லை. கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் ஆதாரை அந்த ஆணையத்தின் தளத்திலேயே எடுக்கலாம், அது எங்களுக்குப் போதும்.

இப்போது உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம். சிவப்புக் குறி வந்தால் காசைக் கையில் எடுக்காதீர்கள். முதலில் தேதியைப் பாருங்கள். பிறகு ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு. விண்டோஸ் 10, 11இல் ஷட் டவுன் செய்தாலும் அடுத்த முறை வேகமாகத் திறப்பதற்காகப் பாதி நினைவை வைத்துக்கொண்டே தூங்குகிறது. சி டிரைவ் நிறைந்திருந்தாலும் அப்டேட் ஏறாது. கல்யாண வீடியோக்களை டெஸ்க்டாப்பில் குவித்து வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், டெஸ்க்டாப்பும் சி டிரைவ்தான்.

போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்கள், அந்த இணைப்பு "மீட்டர்டு" என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று செட்டிங்கில் பாருங்கள். அப்படியிருந்தால் விண்டோஸ் டேட்டாவை மிச்சப்படுத்துவதாக நினைத்துப் பெரிய அப்டேட்களை நிறுத்தி வைக்கும். நெட் சரியாக வராத வீடுகளுக்கும் வழி இருக்கிறது. பெரும்பாலான ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் அப்டேட்டை ஒரே ஃபைலாகவும் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. நல்ல நெட் உள்ள இடத்தில் இறக்கிச் சுத்தமான பென் டிரைவில் கொண்டுபோகலாம்.

இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரே வாசலில் இரண்டு காவலாளிகள் ஒருவரை ஒருவர் திருடன் என்று பிடித்துக்கொண்டால் எப்படியிருக்கும்? ஒன்றுதான் இருக்க வேண்டும். காலாவதியான பழையதை முழுமையாக நீக்குங்கள். விண்டோஸ் 10, 11இல் டிஃபெண்டர் கூடவே இலவசமாக வருகிறது, சாதாரண வீட்டுக்கு அது போதும் என்பது எங்கள் கருத்து.

கிராக் கீ போட்ட ஆன்டிவைரஸ் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். உரிமம் இல்லாத பொருள் ஆகுமா ஆகாதா என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் சொல்வது இயந்திரத்தின் விஷயம். அந்தக் கிராக்குகளில் பல, திருட்டுத்தனம் தெரியாமலிருக்க, நிறுவனத்தின் சர்வரை அணுகும் வழியையே அடைத்துவிடுகின்றன. அப்டேட் வருவதும் அந்த வழியில்தான். காவலாளியை வைத்துவிட்டு அவன் வாயையும் கண்ணையும் கட்டுகிற வேலை அது.

பழைய மடிக்கணினிகள் வேறு ரகம். அரசு 2011 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 14 ஜனவரி 2020 அன்று ஆதரவை நிறுத்திவிட்டது. அப்டேட்டுகளில் கையொப்பமிடும் முறையும் அதற்குச் சற்று முன்பே மாறியது. அந்தப் புதிய முறையைப் படிக்கத் தேவையான திருத்தத்தை ஏற்றாத விண்டோஸ் 7, நல்ல அப்டேட்டையும் சந்தேகப்பட்டுத் தள்ளிவிடும். விண்டோஸ் 10க்கும் 14 அக்டோபர் 2025உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. டிஃபெண்டருக்கான புதிய வைரஸ் விவரங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் டைப் பழக, பாடம் படிக்கப் பழைய மடிக்கணினி போதும். பேங்க் வேலையை மட்டும் அதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இவை எதுவும் காரணமில்லை என்றால் ஒரு சோதனை இருக்கிறது. மற்ற தளங்கள் எல்லாம் திறந்து, ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்கவில்லையா? அப்படியானால் வைரஸ் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கலாம். 2008 நவம்பரில் கிளம்பிய கான்ஃபிக்கர் இப்படித்தான் செய்தது, மருந்துக் கடைக்குப் போகும் வழியை முதலில் மறித்தது. இதற்கு டிஃபெண்டரில் "ஆஃப்லைன் ஸ்கேன்" இருக்கிறது, விண்டோஸ் முழுதாகத் திறப்பதற்கு முன்பே தேடும். மத்திய அரசு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவசக் கருவிகள் கிடைக்கும்.

"அப்டேட்டினாலேயே உலகம் நின்றதே" என்று இளைஞர்கள் கேட்கலாம். உண்மைதான். 19 ஜூலை 2024 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான ஒரு அப்டேட்டால் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன, நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 12 மே 2017 அன்று வானாக்ரை பரவி, சுமார் 150 நாடுகளில் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின, ஆந்திராவில் காவல் நிலையக் கம்ப்யூட்டர்களும் சிக்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று வெளிவந்திருந்தது. அதை ஏற்றாமல் விட்டவர்களே பெரும்பாலும் மாட்டினார்கள்.

தாய்மார்களுக்கு ஒன்று. "உங்கள் ஆன்டிவைரஸ் முடிந்துவிட்டது, நாங்கள் சரிசெய்கிறோம், இந்த ஆப்பை ஏற்றுங்கள்" என்று எந்த நிறுவனமும் தானாகப் போன் செய்யாது. பிள்ளைகளின் அத்தா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

இன்ஷா அல்லாஹ், வருகிற ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பிறகு உங்கள் மடிக்கணினிகளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சார்ஜரையும் மறக்காதீர்கள். அந்த மாணவியும் அவளுடைய தோழிகளும் பார்த்துக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், கட்டணம் கிடையாது. பேட்டரி மாற்ற வேண்டியிருந்தால் அதன் விலையை மட்டும் நீங்கள் கொடுங்கள்.