கொண்டும் கொடுத்தும் மொழி பயிலுதல்

அயல்மொழி ஒன்றைக் கற்க விரும்புவோர் முதற்கண் தேடுவது நல்ல இலக்கண நூல். அடுத்துத் தேடுவது நல்ல ஆசிரியர். இவ்விரண்டும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், மூன்றாவதாக ஒருவர் வேண்டும். நாம் கற்க விரும்பும் மொழியைத் தாய்மொழியாக உடையவர் அவர். நம்முடைய தாய்மொழியைத் தாம் கற்க விரும்புகிறவரும் அவரே. அரைமணி நேரம் அவருடைய மொழியில் இருவரும் உரையாடுகிறார்கள். அடுத்த அரைமணி நேரம் நம்முடைய மொழியில் உரையாடுகிறார்கள். காசு கைமாறுவதில்லை; மொழியே கைமாறுகிறது. கொண்டும் கொடுத்தும் பயிலும் இம்முறையில் நமக்கு வாய்க்கும் தோழரை ‘மொழித்துணைவர்’ என்று அழைப்போம். அவரால் விளையும் நன்மைகள் எவை என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் பயின்ற மாணாக்கர் பலர், ஆங்கிலத்தில் பேச நேரும்போது வாயடைத்து நிற்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். எங்கள் படாளம், வேடந்தாங்கலுக்குச் செல்லும் வழியில் உள்ள ஊர். பறவைகளைக் காண வருவோர் வழி கேட்கிறார்கள். வினைச்சொல்லின் முக்கால வடிவங்களையும் பிழையின்றி ஒப்பிக்கும் மாணாக்கன், ‘இடப்பக்கம் திரும்புங்கள்’ என்று ஆங்கிலத்தில் சொல்ல நாவெழாமல் கையைக் காட்டுகிறான். அவனிடம் சொற்கள் இல்லாமல் இல்லை, கூச்சம் தடுக்கிறது. பிழை செய்தால் பிறர் நகைப்பரோ என்ற அச்சம் அவனைப் பிணித்திருக்கிறது. வகுப்பறையில் பிழை செய்பவர் மாணாக்கர், பிழை காண்பவர் ஆசிரியர் என்ற பாகுபாடு உண்டு. ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவருக்கும் பேச வாய்ப்புக் கொடுக்க எந்த ஆசிரியராலும் இயலாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இவ்விடத்தில் மெய்யாகிவிடுகிறது.

மொழித்துணைவர் முன்னிலையில் இந்த அச்சம் மெல்ல மெல்ல அகல்கிறது. முதல் அரைமணியில் நாம் தடுமாறுகிறோம். அடுத்த அரைமணியில் அவர் தடுமாறுகிறார். ‘பழம்’ என்று சொல்ல அவர் படும் பாட்டைக் கண்டபின், அவர் மொழியின் கடினமான ஒலிகளில் நம் நாக்குப் பிறழ்வது நமக்கு இழிவாகத் தோன்றுவதில்லை. இருவரும் கொடுப்பவர், இருவரும் கொள்பவர். இந்தச் சமநிலையே இம்முறையின் முதல் நன்மை.

இது நமக்குப் புதிதன்று. 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அப்பொழுது அவருக்குத் தமிழில் ஓரெழுத்தும் தெரியாது. முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களோடு தாமும் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். எழுத்துகள் கைவந்தன, ஆனால் பொருள் விளங்கவில்லை. அம்முதிய ஆசிரியர் தமிழையன்றி வேறு மொழி அறியார். பின்னர் அழகப்பன் என்ற துபாஷியின் துணை கிடைத்தது. போர்த்துக்கீசியம் முதலிய ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்தவர் அவர். அவரோடு நாள்தோறும் உரையாடிய சீகன்பால்கு, ஓராண்டு நிறைவதற்குள் தமிழில் பேசத் தொடங்கிவிட்டார். 1716இல் ஜெர்மனியில் உள்ள ஹாலே நகரில் அவருடைய தமிழ் இலக்கணம் இலத்தீன் மொழியில் அச்சாயிற்று.

தமிழரிடமிருந்து பெற்றதோடு அவ்வுறவு நின்றுவிடவில்லை. 1712ஆம் ஆண்டு முதல் சீகன்பால்குவும் அவருடைய துணைவர் குருண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதியனுப்பி, தமிழில் விடைகள் பெற்றனர். அக்கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் வெளியாயின. ஐரோப்பியருடைய பழக்க வழக்கங்களைத் தயங்காமல் கடிந்துரைக்கும் பகுதிகளும் அவற்றில் உண்டு. தமிழர் தம் மொழியில் எழுதிய கருத்துகளை ஜெர்மானியர் தம் மொழியில் படிக்க நேர்ந்தது. ஒருவரை ஒருவர் அறிவதற்கு இதனினும் நேரிய வழி வேறு எது?

சென்னைக்கு வருவோம். நுங்கம்பாக்கத்தில் காலேஜ் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. பள்ளிக் கல்வித்துறையின் டி.பி.ஐ. வளாகம் அங்கேதான் உள்ளது. இப்பொழுது பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர் பெற்றிருக்கிறது. தலைமையாசிரியராக இருந்த எவரும் அவ்வாயிலை மிதியாமல் இருந்திருக்க இயலாது. அச்சாலைக்கு அப்பெயரைத் தந்தது, 1812இல் தோன்றிய சென்னைக் கல்விச் சங்கம் என்ற புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியே. இங்கிலாந்திலிருந்து வந்த இளம் அலுவலர்கள் தென்னாட்டு மொழிகளைக் கற்பதற்காக அது நிறுவப்பட்டது. அதற்கு முன்னின்றவர், தமிழுலகம் எல்லீசன் என்று போற்றும் எல்லிஸ் துரை. அங்கே ஆங்கிலேயரும் நம் பண்டிதர்களும் நாள்தோறும் எதிரெதிரே அமர்ந்து உரையாடினர். பட்டாபிராம சாஸ்திரி, சங்கரையா போன்றோரின் துணையோடு ஆராய்ந்த எல்லிஸ், தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய தனிக் குடும்பம் என்று 1816இல் எழுதினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்த 1856ஆம் ஆண்டிற்கு நாற்பது ஆண்டுகள் முற்பட்ட செய்தி இது. பல மொழி அறிந்தோர் ஒரே கூரையின்கீழ்க் கூடிப் பேசியதால் விளைந்த பயன் இஃது என்றால் மிகையாகாது.

நேரில் அமர்ந்து பேச இயலாதவர்க்குக் கடிதம் துணை செய்தது. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையருக்குப் பாரிஸ் நகரிலிருந்து ஜூலியன் வின்சோன் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் தமிழிலேயே கடிதங்கள் எழுதினார். பாரிஸில் உள்ள தமிழ்ச் சுவடிகளைப் பற்றிய செய்தி அவற்றால் கும்பகோணத்தை எட்டியது.

ஐரோப்பாவிலும் இம்முறை ஓர் இயக்கமாக வளர்ந்தது. 1870 தொடங்கி 1945க்குள் மும்முறை போரிட்ட நாடுகள் பிரான்சும் ஜெர்மனியும். 1963ஆம் ஆண்டு ஜனவரியில் அவை நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டன. இரு நாட்டு இளைஞரையும் ஒன்று சேர்க்க அவ்வாண்டிலேயே ஓர் அமைப்பையும் நிறுவின. அவ்விளைஞர் கூடிய முகாம்களில், ஒரு பிரெஞ்சு மாணவரையும் ஒரு ஜெர்மன் மாணவரையும் இணையாக அமர்த்தி ஒருவர் மொழியை மற்றவர்க்குக் கற்பிக்கச் செய்யும் முறை உருவாயிற்று. அதற்கு ‘டாண்டம்’ என்று பெயர். இருவர் முன்பின்னாக அமர்ந்து மிதிக்கும் சைக்கிளுக்கு உரிய பெயர் அது. ஒருவர் மிதிப்பதை நிறுத்தினால் மற்றவருக்குச் சுமை கூடும். இருவரும் மிதித்தால் வண்டி விரைந்து செல்லும். பொருத்தமான பெயரன்றோ?

இனி, நான் தலையாயதாகக் கருதும் நன்மையைச் சொல்கிறேன். மொழித்துணைவர் நமக்கு அவருடைய மொழியைத் தருவதோடு, நம்முடைய மொழியையும் நமக்குக் காட்டித் தருகிறார். ‘நாம் நாளைக்கு மாமல்லபுரம் போகிறோம்’ என்பது ஒரு வாக்கியம்; ‘நாங்கள் நாளைக்கு மாமல்லபுரம் போகிறோம்’ என்பது மற்றொன்று. முன்னதைக் கேட்டவர் பயணத்திற்கு ஆயத்தமாவார். பின்னதைக் கேட்டவர் வழியனுப்ப ஆயத்தமாவார். கேட்பவரை உளப்படுத்தும் சொல் ஒன்று, விலக்கும் சொல் ஒன்று. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இவ்விரண்டிற்கும் ஒரே சொல்தான். குழந்தைப் பருவம் முதல் பிழையின்றி வழங்கிவரும் இந்த நுட்பத்தை, ‘இரண்டிற்கும் வேறுபாடு என்ன?’ என்று அயலார் ஒருவர் கேட்கும்போதுதான் நம்மில் பலர் முதன்முறையாக எண்ணிப் பார்க்கிறோம். கொரிய மொழியினரோடும் ஜப்பானியரோடும் பழகுவோர், அம்மொழிகளிலும் தமிழிற்போல வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்பதைக் கண்டு வியப்பர். ஆங்கிலம் வாராமையால் தாழ்வெண்ணம் கொண்ட இளைஞன், தன் தாய்மொழியைக் கற்க ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு காத்திருப்பதைக் கண்டால் நிமிர்ந்து உட்காருவான். தன்னிடம் கொடுப்பதற்கு ஒரு செல்வம் உண்டு என்று அறிந்தவன், கொள்வதற்கு நாணமாட்டான்.

தமிழைக் கொடுக்கும்போது ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். நாம் எழுதுவது ஒரு தமிழ். பேசுவது ஒரு தமிழ். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று நூலில் கற்ற அயலார், கடைத்தெருவில் ‘வந்துக்கிட்டிருக்கேன்’ என்பதைக் கேட்டுத் திகைக்கிறார். பேச்சுத் தமிழைச் சொல்லித்தர நாம் வெட்கப்படலாகாது. வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஒன்றும், அவர் காலத்தார் கொடுந்தமிழ் என்ற பேச்சு வழக்கிற்கு ஒன்றுமாக இலத்தீன் மொழியில் தனித்தனி இலக்கணங்கள் இயற்றினார். இரண்டும் வேண்டும் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அவர் உணர்ந்திருந்தார்.

மொழித்துணைவரை எங்கே தேடுவது? நம் செங்கற்பட்டு வட்டாரத்தில் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மாமல்லபுரத்திற்கு ஆண்டு முழுவதும் அயல்நாட்டார் வருகிறார்கள். அங்கே கடை வைத்திருப்போர் நாலைந்து மொழிகளில் விலை சொல்லக் கேட்கிறோம். அது பாராட்டத்தக்கதே, எனினும் விலை பேசுவதோடு அம்மொழி நின்றுவிடுகிறது. வாடிக்கையாளர் அன்றே போய்விடுவார். துணைவர் மறுநாளும் வருவார். ஒரகடம், மறைமலைநகர்ப் பகுதித் தொழிற்சாலைகளை ஒட்டி அயல்நாட்டுப் பொறியாளர்கள் தங்கியிருக்கிறார்கள். அவர்களோடு பணிபுரியும் நம் இளைஞர், உணவு இடைவேளையில் கால்மணி நேரம் இதற்கென ஒதுக்கலாம்.

கடல் கடந்து வந்ததே அயல்மொழி என்றும் கொள்ள வேண்டா. ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தோரின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். தமிழ் தெரியாமையால் கடைசிப் பலகையில் ஊமைபோல் அமர்ந்திருக்கும் ஒரு குழந்தையின் அருகில், நம் பிள்ளை ஒன்றை அமர்த்துங்கள். ஒன்று ‘தண்ணீர்’ என்று சொல்லட்டும்; மற்றொன்று ‘பானி’ என்று சொல்லட்டும். ஒரு திங்களில் இரண்டும் சேர்ந்து விளையாடும். ஓராண்டில் இரண்டிற்கும் இரண்டு மொழி தெரியும். அதற்கு அரசாணை எதுவும் வேண்டுவதில்லை. ஓர் ஆசிரியரின் கண் போதும்.

இம்முறையைக் கைக்கொள்வோர்க்குச் சில நெறிகளைக் கூறுகிறேன். நேரத்தைச் சரிபாதியாகப் பங்கிடுங்கள். இல்லையேல் இருவருக்கும் எளிதான மொழியே முழு நேரத்தையும் விழுங்கிவிடும். பேசுவதற்குரிய பொருளை முன்னதாகவே முடிவு செய்யுங்கள். இன்று சமையல், நாளை பயணம், மறுநாள் திருமணம் என்று வகுத்துக்கொண்டால் சொற்கள் தேடி வரும். துணைவர் பேசும்போது சொல்லுக்குச் சொல் திருத்தாதீர்கள். முடிந்தபின் முதன்மையான மூன்று பிழைகளை மட்டும் சொல்லுங்கள். கேட்ட புதுச்சொற்களை அன்றிரவே எழுதி வையுங்கள். வாரத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம் பேசுவதைவிட, நாள்தோறும் அரைமணி பேசுவது பயன் தரும்.

இலக்கண நூலை மூடி வைத்துவிடவும் கூடாது. தாய்மொழியாளர் எல்லாரும் ‘ஏன்’ என்ற கேள்விக்கு விடை தர வல்லவர் அல்லர். ‘இப்படித்தான் சொல்வோம்’ என்பார்கள். காரணத்தை நூலிலும் ஆசிரியரிடத்திலும் தேடுங்கள். பழக்கத்தைத் துணைவரிடம் பெறுங்கள். கைப்பேசி வழியே முன்பின் அறியாதவரோடு உரையாடும் வசதி இன்று உண்டு. பெரியவர்கள் அதனைப் பயன்படுத்துவது நன்றே. சிறுவர்களாயின் பெற்றோர் அருகிலிருக்க வேண்டும். முகவரி, பணம், புகைப்படம் ஆகியவை பரிமாறப்படலாகாது.

வயது கடந்துவிட்டதே என்று தயங்குவோரும் இருக்கலாம். அறுபதில் கற்கும் சொல் இருபதில் கற்ற சொல்லைப்போல விரைவில் பதியாது. ஆனால் அறுபது வயதினரிடம் சொல்வதற்குக் கதைகள் மிகுதி. கேட்பதற்கு ஆவலோடு ஒருவர் எதிரே இருப்பாரானால், கதை தனக்கு வேண்டிய சொற்களைத் தானே தேடிக்கொள்ளும். நேயர்களே, உங்கள் தெருவிலோ பணியிடத்திலோ வேற்றுமொழி பேசும் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருடைய மொழியில் ‘நலமா?’ என்பதற்கு என்ன சொல் என்று நாளைக்கு அவரையே கேளுங்கள். அதற்கு ஈடாக அவருக்குத் தமிழில் ஒரு சொல் கொடுங்கள்.