அதிகாரப் பங்கீடும் அயல்மாநிலத் தமிழரும்



பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள நம்மவர் உள்ளத்தில் ஓர் ஐயம் அவ்வப்போது எழுவதுண்டு. “வெளியூராருக்கு இங்கே உத்தியோகம் இல்லை என்று நாளைக்கே ஒரு சட்டம் வந்துவிட்டால் நம் கதி என்ன?” என்பதே அது. அதிகாரம் யாரிடம் எவ்வளவு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிந்தால் இந்த ஐயம் தெளியும்.

நம் அரசியல் சட்டம் அதிகாரத்தை இரு வகையில் பிரித்திருக்கிறது. முதலாவது, மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான பங்கீடு. ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. நாம் ஏறி வந்த ரயில் மத்தியப் பட்டியலைச் சேர்ந்தது. தெருவில் காவல் புரியும் போலீஸ் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. திருமணம் போன்றவை இருவருக்கும் பொதுவானவை. இரண்டாவது, சட்டசபை, நிர்வாகம், நீதிமன்றம் என்னும் பிரிவினை. சட்டம் செய்தவரே அதற்குப் பொருள் கூறித் தீர்ப்பும் வழங்குவாராயின் குடிமகனுக்குப் புகலிடம் ஏது? பிரெஞ்சு அறிஞர் மான்டெஸ்கியூ 1748-ல் வற்புறுத்திய கருத்து இது.

இவ்விரு பிரிவினைகளும் நம்மை எவ்வாறு காக்கின்றன? பிறந்த இடத்தையோ வசிக்கும் இடத்தையோ காரணங்காட்டி அரசாங்க வேலையில் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது 16-வது ஷரத்து. ஆயினும் உள்ளூர் மக்களின் நியாயமான நலனையும் அது மறந்துவிடவில்லை. மாநில உத்தியோகத்துக்கு முன்வாசம் தேவையென விதிக்கலாம். ஆனால் அவ்வாறு விதிக்கும் அதிகாரம் மாநிலச் சட்டசபைக்கு இல்லை, பார்லிமென்டுக்கே உண்டு. 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் இதற்கான திருத்தத்தைக் கொணர்ந்தவர் சென்னையின் சட்ட நிபுணர் அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர். ஒவ்வொரு மாநிலமும் தனக்குத் தானே வேலி எழுப்பிக்கொண்டால் பொதுக் குடியுரிமை வெறும் சொல்லாகிவிடும் அன்றோ!

பார்லிமென்டும் வரம்புக்கு உட்பட்டதே. 1957-ல் அது இயற்றிய சட்டம், ஆந்திரப் பிரதேசத்தின் தெலங்காணாப் பகுதியில் சில உத்தியோகங்களுக்கு அப்பகுதியிலேயே வசித்திருக்க வேண்டும் என்று விதிக்க இடமளித்தது. மாநிலம் என்றால் முழு மாநிலமே, அதன் ஒரு பகுதியன்று எனக் கூறி, 1969-ல் சுப்ரீம் கோர்ட் அந்த ஏற்பாட்டைச் செல்லாதாக்கியது. பின்னர் 1973-ல் அரசியல் சட்டத்தையே முறைப்படி திருத்தி 371-டி என்னும் ஷரத்தைச் சேர்த்த பிறகே, அம்மாநிலத்துக்குத் தனி ஏற்பாடு செய்ய முடிந்தது.

தனியார் தொழிலிலும் இக்கேள்வி எழாமல் இல்லை. மாதம் 30,000 ரூபாய்க்கு உட்பட்ட சம்பளமுள்ள வேலைகளில் 75 சதவிகிதத்தை உள்ளூராருக்கு ஒதுக்கி ஹரியானா ஒரு சட்டம் செய்தது. அது மாநிலத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்று பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2023-ல் தள்ளுபடி செய்தது. மாநில அரசு சுப்ரீம் கோர்ட்டில் அப்பீல் செய்தது.

ஆகவே, நாம் இங்கே வாழ்வது எவருடைய தயவாலும் அன்று, உரிமையால். உரிமை உடையவருக்குக் கடமையும் உண்டு. வாழும் மாநிலத்தின் மொழியைக் கற்போம். அங்குள்ள வாக்காளர் ஜாபிதாவில் நம் பெயரைப் பதிவு செய்வோம். அண்டை வீட்டாரின் குறையையும் நம் குறையாகக் கருதுவோம். சட்டம் தரும் பாதுகாப்புக்கு நல்லுறவே உற்ற துணை.