நாம்பனின் கழுத்தும் நுகத்தடியும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே விரிந்து கிடக்கும் படுவான்கரை, நெல்லுக்கும் மாட்டுக்கும் பெயர் பெற்ற நிலம். உழவு இயந்திரம் வந்தபின் எருதுகளின் வேலை பெரிதும் குறைந்துவிட்டது. எனினும் மாட்டு வண்டில் முற்றாக மறைந்துவிடவில்லை. வண்டிலை நம்பி வாழும் குடும்பத்துக்கு ஒரு சோடி எருதே முதல். அவற்றுள் ஒன்று கழுத்துப் புண்பட்டு நின்றால் வீட்டு அடுப்பும் உடன் நின்றுவிடும். புண்ணோடு பூட்டும் கொடுமைக்கு வறுமையும் ஒரு காரணம் என்பதை மறுத்தல் இயலாது.

குதிரைக்குச் சேணம் எதுவோ, எருதுக்கு நுகம் அது. அழுத்தம், உராய்வு, ஈரம் ஆகிய மூன்றும் கூடுமிடத்துத் தோல் கன்றி, மயிர் உதிர்ந்து, ஈற்றில் புண்ணாகின்றது. புதிதாகப் பழக்கப்படும் நாம்பனின் கழுத்துத் தோல் இன்னும் உரமேறாதது. மாரி மழையில் நனைந்தால் மேலும் இளகும். நோவு தாங்காமல் அது தலையை உதறும்போது, சண்டி மாடு என்று சவுக்கை எடுப்பவர் பலர். சவுக்கை வைத்துவிட்டு நுகத்தடியை அல்லவா முதலில் தடவிப் பார்த்தல் வேண்டும்! சிராய், முடிச்சு, கூரிய விளிம்பு ஆகியவற்றை இழைத்து, கழுத்திற் படியும் பகுதியை அகலமாகவும் வழுவழுப்பாகவும் செய்தல் அவசியம். சாக்குத் துணி சுற்றுவோர் அதை நாள்தோறும் துவைத்து உலர்த்தாவிடின், வியர்வையும் மணலும் ஊறிய அத்துணியே அரமாகிவிடும்.

பாரம் ஏற்றும் முறையிலும் பிழை உண்டு. இரு சில்லு வண்டிலில் பாரம் முன்னே மிகுந்தால் நுகம் கழுத்தை அமுக்கும். பின்னே மிகுந்தால் நுகம் மேலெழும்பிக் கயிறு தொண்டையை இறுக்கும். உயரம் ஒவ்வாத இரு மாடுகளைப் பூட்டினால் நுகம் சரிந்து நிற்கும். நாம்பனை முதலில் வெறும் வண்டிலில், காலைக் குளிர்ச்சியில், சிறிது நேரமே பழக்குதல் நன்று.

அவிழ்த்தவுடன் கழுத்தை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பவன் நோயை முந்திக்கொள்வான். வெப்பமும் வீக்கமும் தென்பட்டால், குளிர்ந்த நீரில் நனைத்த துணியை இட்டு, வீக்கம் வற்றும்வரை ஓய்வு கொடுத்தல் வேண்டும். தோல் உரிந்திருப்பின், கொதித்தாறிய நீர் ஒரு லீற்றருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு என்ற அளவிற் கரைத்துக் கழுவலாம். இலையான் அண்டாதிருக்கப் புண்ணைச் சுற்றி வேப்பெண்ணெய் பூசலாம். கழிவு எண்ணெயும் சுண்ணாம்பும் சதையை அரிப்பன, அவை மருந்தல்ல. சீழ் கட்டினாலும், புழு வைத்தாலும், கட்டி இறுகினாலும் அரச கால்நடை வைத்தியரிடம் காட்டுவதே முறை.

புண்பட்டு வேலைக்குத் தகுதியற்ற மாட்டை வேலை வாங்குவது, 1907ஆம் ஆண்டின் மிருக வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றமுமாகும். ஆறிய இடத்துப் புதுத் தோல் மெல்லியது. பொருக்கு உதிர்ந்த மறுநாளே மூட்டை ஏற்றினால் பழைய புண் மீண்டும் வாய் திறக்கும். சில நாள் மீண்டும் வெறும் வண்டிலே.