கோவிற்பற்றும் குடிவழியும்

இங்கிலாந்து தேசத்திலே 1538ஆம் ஆண்டில், எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சராயிருந்த தோமஸ் குரொம்வெல் என்பார் கட்டளையொன்று பிறப்பித்தார். ஒவ்வொரு கோவிற்பற்றிலும் நிகழும் ஞானஸ்நானம், விவாகம், நல்லடக்கம் ஆகிய மூன்றையும் அவ்வப் பற்றின் குருவானவர் ஒரு புத்தகத்தில் எழுதி வைத்தல் வேண்டும் என்பதே அக்கட்டளை. புதிய வரி விதிப்பதற்கு இஃதொரு முன்னேற்பாடோ எனக் குடிமக்கள் சிலர் அஞ்சினர். ஆயினும் அப்புத்தகங்கள் நிலைத்தன. அதன் பயனாக, அந்நாட்டின் சிற்றூர் ஒன்றில் ஏர் பிடித்த ஏழை உழவனின் வழியில் வந்தவர்கூட, நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தம் முன்னோரின் பெயரைத் தேவாலயப் பதிவேட்டிலே கண்டுகொள்ளும் வாய்ப்பு இன்று இருக்கிறது.

யாழ்ப்பாணத்தார்க்கு இத்தகைய வாய்ப்பு உண்டோ என்னும் வினா எழுதல் இயல்பே. உண்டு. ஆனால் அது ஒரே புத்தகத்திலே, ஒரே அலுமாரியிலே கிடைப்பதன்று. வீட்டு மூலையிலுள்ள றங்குப்பெட்டியில் ஒரு பகுதியும், காணிப் பதிவகத்தில் ஒரு பகுதியும், கோயிற் கணக்கில் ஒரு பகுதியும், முதியோர் நினைவில் ஒரு பகுதியுமாகச் சிதறிக் கிடக்கிறது. அவற்றை ஒன்று சேர்க்கும் வகை யாது, சேர்க்குமிடத்து மனத்திற் கொள்ளவேண்டிய நேர்மை யாது என்பனவே ஈண்டு ஆராயத்தக்கவை.

முதலிலே ஒரு சொல்லை நோக்குவோம். காணி உறுதியைக் கையில் எடுத்துப் பார்த்த யாழ்ப்பாணத்தவர் எவரும் ‘கோவிற்பற்று’ என்ற சொல்லை அறிவர். தெல்லிப்பழைக் கோவிற்பற்று, வட்டுக்கோட்டைக் கோவிற்பற்று, சாவகச்சேரிக் கோவிற்பற்று என்றெல்லாம் அது வரும். இச்சொல்லிலுள்ள கோவில், சைவக் கோவிலும் அன்று, பழைய அரசனின் அரண்மனையும் அன்று. 1619ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் ஊர்தோறும் தேவாலயம் எழுப்பி, அத்தேவாலயத்தைச் சூழ்ந்த ஊர்களை ஒரு பற்றாக வகுத்தனர். 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர் மதத்தை மாற்றினரேயன்றிப் பிரிவை மாற்றவில்லை. பின்வந்த ஆங்கிலேயரும் அதனையே தழுவினர். இவ்வாறு தேவாலயத்தின் எல்லை காணியின் எல்லையாயிற்று. தம் வாழ்நாளிற் கிறித்தவத் தேவாலயத்துட் காலடி வைத்திராத சைவக் குடும்பத்தின் உறுதியிலும் கோவிற்பற்று என்ற சொல் இடம்பெறுவதன் காரணம் இதுவே.

இக்கோவிற்பற்றுக்களை அக்காலத்தவர் எழுதிய நூல்களிற் காணலாம். ஒல்லாந்த மதகுருவாகிய பிலிப்பஸ் பால்தேயு யாழ்ப்பாணத்திலே பணியாற்றி, 1672இல் அம்ஸ்ரர்டாம் நகரில் வெளியிட்ட நூலிலே, தேவாலயங்களையும் அவற்றைச் சார்ந்த பள்ளிகளையும் படங்களோடு விவரித்துள்ளார். போர்த்துக்கேயர் காலத்து நிருவாகத்தையும் இறைவரிகளையும் அறிய விரும்புவோர்க்கு, போல் ஈ. பீரிஸ் 1920இல் வெளியிட்ட, 1645ஆம் ஆண்டு யாழ்ப்பாண இராச்சியத்தைப் பற்றிய ஆங்கில நூல் உதவும்.

ஆயினும் ஆராய்ச்சியைப் பழமையிலிருந்து தொடங்கலாகாது. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லுதலே முறை. ரொறன்ரோ நகரிலே பிறந்த பேர்த்தி ஒருத்தி, தன் பாட்டியின் சீதன உறுதியின் படியொன்றைக் கையிலே கொண்டு வலிகாமம் வடக்குக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் முதற்கண் செய்யவேண்டியது அவ்வுறுதியை நிதானமாக வாசித்தலே.

உறுதி என்பது வெறும் உடைமைப் பத்திரமன்று. அது சுருங்கிய குடும்ப வரலாறு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படல் வேண்டும் என விதித்தது. அதன் பின் எழுதப்பட்ட உறுதிகளிலே காணியின் பெயர், பரப்பு, நாற்றிசை எல்லை, கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை ஆகியன வரும். காணி, எழுதிக் கொடுப்பவருக்கு எவ்வாறு வந்தது என்பதும் வரும். தந்தைவழி முதுசமா, தாய்க்குக் கிடைத்த சீதனமா, கணவனும் மனைவியும் ஈட்டிய தேடியதேட்டமா என்பதை அது சொல்லும். இம்மூன்று சொற்களும் தேசவழமைக்குரியவை. ஒல்லாந்தத் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் 1706இல் அவ்வழமைகளைத் தொகுத்தார்; முதலியார் பன்னிருவர் அதனை நோக்கி உறுதிப்படுத்தினர்.

இதனால் விளையும் நன்மையொன்று கவனிக்கத்தக்கது. பல நாடுகளின் குடிவழிப் பட்டியல்கள் ஆண்வழியையே பேசுவன. பெண்கள் இடையிலே மறைந்துவிடுவர். யாழ்ப்பாணத்திலோ சீதனம் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும் வழக்கத்தால், உறுதிகளைத் தொடர்ந்து சென்றால் தாய், அவள் தாய், அவளுக்கும் தாய் எனப் பெண்வழியை மூன்று நான்கு தலைமுறை வரை அறியலாம். மேற்சொன்ன பேர்த்தி தேடுவது அவ்வழியையே.

அடுத்துக் காணிப் பதிவகத்தை நாடவேண்டும். அங்குள்ள பதிவைத் தோம்பு என்று வழங்குவோர் இன்றும் உளர். அது போர்த்துக்கேயச் சொல். ஒரு காணியின் கைமாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே பதியப்பட்டிருக்கும். அதனோடு பிறப்பு, இறப்புப் பதிவுகளையும் ஒப்பு நோக்கல் வேண்டும். இலங்கையிற் பொதுவான பிறப்பு, இறப்புப் பதிவு 1867 முதல் நடைமுறைக்கு வந்தது. பிற்காலப் பிறப்புச் சான்றிதழிற் பாட்டனாரின் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியன கேட்கப்படுவதால், ஒரே தாளிலே மூன்று தலைமுறையைக் காணலும் கூடும்.

இங்கே இங்கிலாந்தின் முறை நமக்குப் பொருந்தாத இடமொன்று உண்டு. அங்கே குடும்பப் பெயர் தலைமுறை தோறும் தொடர்வது. அதனைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் செல்லலாம். தமிழர்க்கோ தந்தையின் பெயரே முன்னெழுத்து. அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஆனால் வேறொரு துணை உண்டு. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் ஆதலாலேயே அவன் ‘பெயரன்’ எனப்பட்டான். அதுவே பேரன் என மருவிற்று. கந்தர் மகன் வேலர், வேலர் மகன் கந்தர் என ஒன்றுவிட்டொரு தலைமுறையிற் பெயர் மீண்டும் வரும். இது வழிகாட்டியும் ஆகும், மயக்கமும் தரும். இரண்டு கந்தர்களை ஒருவராக்கி, அறுபது ஆண்டுகளை விழுங்கிவிட்ட வம்சாவளிகள் பல. ஊர், குறிச்சி, காணி, மனைவியின் பெயர் ஆகிய நான்கும் பொருந்தினாலன்றி ஒரு பெயரை ஏற்றுக்கொள்ளலாகாது.

பெயர் மாறிய காலங்களும் உண்டு. போர்த்துக்கேயர் காலத்திலே ஞானஸ்நானம் பெற்றோர் ‘டொன்’ என்னும் அடையுடன் புதுப் பெயர் பெற்றனர். ஒல்லாந்தர் காலத்திலே தேவாலயத்தைச் சார்ந்த பள்ளியின் உபாத்தியாயரே ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பள்ளித் தோம்பிலே பதிந்தார். அப்பதிவு உத்தியோகத்துக்கும் உரிமைக்கும் வேண்டியதாயிருந்தமையால், பதிவிலே கிறித்தவராகவும் வீட்டிலே சைவராகவும் வாழ்ந்தோர் பலராயினர். 1816இல் தெல்லிப்பழையிலே பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார், தம் விடுதிப் பள்ளி மாணவர்க்கு அமெரிக்க உபகாரிகளின் பெயரை இட்டனர். கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ஆகிய அறிஞர் பெயர்களிலே அவ்வழக்கின் சுவடு தங்கியுள்ளது. ஆகவே, பதிவேட்டிலே அந்நியப் பெயரைக் கண்டு இவர் நம்மவர் அல்லர் என்று தள்ளிவிடுதல் தவறு.

யாழ்ப்பாணத்துக்கே சிறப்பாயுள்ள சான்றுகள் வேறும் உண்டு. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளிலே அச்சிட்டு வழங்கும் ‘கல்வெட்டு’ அவற்றுள் ஒன்று. இறந்த திதியைக் கூறும் வெண்பாவும், பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், மணம், மக்கள் ஆகியவற்றைக் கூறும் செய்யுளும் அதிலே அமையும். அயலவர் படித்துவிட்டு மூலையிற் போடும் அச்சிறு புத்தகம், ஐம்பது ஆண்டு கழிந்தால் ஒரு குடும்பத்தின் முழுச் சாட்சியாகும். கோயிற் திருவிழாவில் இன்ன நாள் இன்னார் உபயம் என்ற ஒழுங்கும் அத்தகையதே. உபயம் வழிவழியாக இறங்குவதாதலால், உபயகாரர் பட்டியலை ஆண்டு வரிசையில் வைத்து நோக்கினால் ஊரின் குடும்பக் கிளைகள் தெளிவாகும்.

ஆராய்ச்சியாளர் வழுக்கி விழும் இடமொன்றையும் சொல்லுதல் வேண்டும். பாட்டனுக்குப் பாட்டனைக் கண்டதும் பலர்க்கு நிறைவு வருவதில்லை. ஒரே தாவலிலே நல்லூர் அரசர் காலத்துக்குப் போய்விட விழைவர். கைலாயமாலையிலும், ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையிலும் கூறப்படும் குடியேற்றத் தலைவர் ஒருவரைத் தம் மூதாதை என்று கொள்வர். இடையிலுள்ள இருநூறு முந்நூறு ஆண்டுக்குச் சான்று யாது என்று கேட்டால் விடை இராது. 1928இல் யாழ்ப்பாண வைபவ விமரிசனம் எழுதிய சுவாமி ஞானப்பிரகாசர், அவ்வைபவமாலையையே ஆராய்ந்து அதன் பிழைகளை எடுத்துக் காட்டினார். ஆசைப்பட்ட முன்னோரைத் தேர்ந்துகொள்ளுதல் வரலாறு ஆகாது.

இதனினும் பெரிய நேர்மை ஒன்று உண்டு. உறுதி என்பது காணி உடையவரின் வரலாறு. காணி இல்லாதவர் அதிலே எல்லையாகக்கூட வருவதில்லை. அக்காணியிலே கிணறு வெட்டியவர் யார்? துலாவிலே ஏறி இறங்கி இறைத்தவர் யார்? பனை ஏறியவர் யார்? தேசவழமையே அடிமைகளைப் பற்றிய விதிகளைக் கொண்டிருந்தது. இலங்கையில் அடிமைமுறை முற்றாக ஒழிந்தது 1844ஆம் ஆண்டிலேயாம். பழைய உறுதியிலோ தோம்பிலோ மனிதரைப் பொருள்போல் எழுதிய வரி காணப்படின், வெட்கத்தால் அதனை மறைத்துவிடுதல் இரண்டாம் முறை இழைக்கும் அநீதியாகும். அவர்களின் பேரப் பிள்ளைகளுக்குத் தம் முன்னோரைப் பற்றிய எழுத்துச் சான்றாகக் கிடைப்பது அந்த ஒரு வரியாகவே இருத்தல் கூடும்.

இவ்வேலையை நாளைக்கு என்று தள்ளிவைக்க இயலாமைக்குக் காரணம் யாவரும் அறிந்ததே. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மூண்ட வன்முறையின்போது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களோடு ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடு விட்டு வெளியேறினர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. பிள்ளையை ஒரு கையிலும் உறுதிப் பையை மறு கையிலும் பற்றிச் சென்றோர் உளர். உறுதியை வீட்டிலே விட்டுச் சென்று, வீட்டையும் சேர்த்து இழந்தோரும் உளர். 2009இல் போர் முடிந்தபின் காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டபோது, வேலி இல்லை, பூவரசு இல்லை, ஒழுங்கை இல்லை. உறுதியிலே ‘கிழக்கெல்லை இன்னாரின் காணி’ என்று எழுதியிருந்தது. அந்த இன்னார் யார், அவர் காணி எங்கே முடிந்தது என்று காட்டுதற்கு ஊரின் மூத்தவரே வேண்டியிருந்தார்.

நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் நினைவு மலர்களையும் கணினி வழியே பாதுகாத்து யாவர்க்கும் வழங்கி வருகிறது. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்திலே ஒல்லாந்தர் கால ஆவணங்கள் உள்ளன. ஆயினும் ஊர்ப் பாட்டியின் நினைவை எந்தச் சுவடிக் கூடமும் தானே வந்து எடுத்துச் செல்லாது.

ஆகவே, ரொறன்ரோவிலிருந்து வந்த அப்பேர்த்தி பதிவகத்துக்குச் செல்லுமுன், ஊரில் எஞ்சியுள்ள மூதாட்டி ஒருவரின் திண்ணையிலே அமர்தல் நன்று. ‘ஆச்சி, இந்தக் கிணற்றிலே யார் யாருக்குப் பங்கு?’ என்று கேட்டாற் போதும். பங்காளர் ஒவ்வொருவரையும் அவர் பெயர் சொல்லி, இன்னார் மகன், இன்னாரைக் கட்டியவர், இன்ன ஊருக்குப் போனவர் என்று எண்ணி வருவார். அதனை அன்றே, நாளும் சொன்னவர் பெயரும் குறித்து எழுதிவைத்தல் வேண்டும். குரொம்வெல்லின் கட்டளை வேண்டியதும் அவ்வளவே: நிகழ்ந்ததை நிகழ்ந்த இடத்திலே ஒருவர் எழுதிவைத்தல். அதற்கு இன்று அரச கட்டளை வேண்டுவதில்லை. ஒரு கொப்பியும், கேட்பதற்குப் பொறுமையும் இருந்தாற் போதும்.